நான் 'ஓம்' என்று சொன்ன மத்தியானம்

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். அக்காவின் குறிப்பை உடுவிலில் ஒரு வீட்டில் கொடுத்துவிட்டு வரவேண்டும்.

குறிப்பு என்றால் சாதகம். மூலையில் மஞ்சள் தடவி நாலாக மடித்த ஒற்றைத் தாள். சுன்னாகத்தில் எங்கள் வீட்டிலிருந்து உடுவிலுக்குச் சைக்கிளில் பத்துப் பதினைந்து நிமிஷம். ஐயா, எங்கள் தகப்பனார், தோட்டத்தில் வெங்காயம் கிண்ட ஆட்களை விட்டிருந்தார், அசைய ஏலாது. தரகருக்குக் காய்ச்சல். மிஞ்சியது நான். இங்கிலாந்தில் புலமைப்பரிசிலில் நாலு வருஷம் படித்து, எஞ்சினியர் என்ற பெயரோடு வந்து இறங்கி மூன்று கிழமைகூட ஆகாத நான்.

"உவன் சீமையிலை படிச்சவன். உதைச் செய்யமாட்டானோ?" என்றார் ஐயா.

அந்த வசனத்தை அவர் பிறகு ஆயுளில் திருப்பிச் சொல்லவில்லை.

அக்கா பள்ளிக்கூட ரீச்சர். வயது இருபத்தொன்பது. இதற்கு முன் இரண்டு சம்பந்தம் பேசி இரண்டும் நின்றுபோயின. ஒன்றுக்குக் குறிப்புப் பொருந்தவில்லை. மற்ற மாப்பிள்ளை கொழும்பில் யாரையோ கட்டிக்கொண்டார். இது மூன்றாவது. மாப்பிள்ளைக்குத் தபால் கந்தோரில் வேலை. அக்கா முத்திரை வாங்கப் போகிற அதே தபால் கந்தோர். இங்கிலாந்தில் இருந்த கடைசி இரண்டு வருஷமும் எனக்கு அக்காவிடமிருந்து கிழமைக்கு இரண்டு கடிதம் வந்தது. ஒரு கடிதத்தில் பூனை குட்டி போட்டது, அடுத்ததில் குட்டி கண் திறந்தது. என்மேல் இவ்வளவு பாசமா என்று உருகியிருக்கிறேன். அது யார்மேல் வைத்த பாசம் என்று ஊருக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

புறப்படும்போது அக்கா படலைவரை வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டா.

"தம்பி, இது எனக்குச் சரிவரவேணும். அங்கை போய் வாயைக் குறை."

கதையைக் குறைக்கச் சொல்கிறா என்றுதான் நினைத்தேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி இங்கிலாந்தில் எனக்கு நடந்த கொடுமையைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் என்னை வெறும் சாப்பாட்டு ராமன் என்று நினைத்துவிடுவீர்கள்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால் என்ன செய்வோம்? தேத்தண்ணி குடிக்கிறியளோ என்று கேட்பார்கள். வேண்டாம், இப்பத்தான் குடிச்சனான் என்போம். அவர்கள் திரும்பவும் கேட்பார்கள். திரும்பவும் மறுப்போம். மூன்றாம் தரம் அவர்கள் கோபித்தால்தான், சரி, உங்களுக்காக ஒரு வாய் என்று இறங்குவோம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. தாய்ப்பாலோடு வருகிறது.

இந்தப் பண்பாட்டைக் கட்டிக்கொண்டு நான் ஒரு வெள்ளைக்கார அம்மாவின் வீட்டில் அறை எடுத்துத் தங்கினேன். முதல் நாள் மேசையில், உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டா. வேண்டாம் என்றேன், அடுத்த தரத்துக்காகக் காத்துக்கொண்டு. அவ சட்டியை மூடி உள்ளே கொண்டுபோய்விட்டா. அவ்வளவுதான். இரண்டாம் தரம் என்பதே அந்த நாட்டில் கிடையாது.

அதே வீட்டில் ஒரு நைஜீரியாக்காரனும் ஒரு பாகிஸ்தான்காரனும் இருந்தார்கள். அவர்களும் புலமைப்பரிசில்தான், அவர்களுக்கும் எங்கள் வளர்ப்புத்தான். மூன்று நாட்டு மரியாதையும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பட்டினி கிடந்தது. ஒரு மாதம் கழித்து நைஜீரியாக்காரன்தான் கண்டுபிடித்தான். இங்கே கேள்வி கேட்டால் அது உண்மையாகவே கேள்வியாம். பசித்தால் 'யெஸ்', அதாவது எங்கள் ஓம், சொல்லவேண்டுமாம். அன்றைக்கே மூன்று பேரும் ஓம் சொன்னோம். அந்த அம்மா சந்தோஷமாகப் பரிமாறினா.

நாலு வருஷம் அதையே பழகினேன். எஞ்சினியரிங்கில் இரண்டாம் வகுப்பு. ஓம் சொல்லுவதில் முதலாம் வகுப்பு.

இனி உடுவில்.

மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் வாசலுக்கே வந்து கூப்பிட்டார்கள். கதிரையில் இருத்தினார்கள். தேத்தண்ணி குடிக்கிறியளோ தம்பி என்று தாய் கேட்டா.

"ஓம்" என்றேன்.

அவ அடுத்த தரம் கேட்பதற்கு வாயைத் திறந்தபடி நின்றா. பிறகு வாயை மூடிக்கொண்டு, சீனியோ பனங்கட்டியோ என்று கேட்டா. சீனி கூப்பனுக்கு அளந்து கிடைத்த காலம். ஒழுங்காக வளர்ந்த பிள்ளை எதுவும் பனங்கட்டி என்றுதான் சொல்லும்.

"சீனி. மூண்டு கரண்டி."

பயித்தம்பணியாரம் கிடக்கு, கொண்டு வரவோ என்றா. கொண்டு வாங்கோ என்றேன். தட்டில் ஐந்து வந்தது. ஐந்தையும் முடித்தேன். தகப்பன் இங்கிலாந்தின் குளிரைப் பற்றிக் கேட்டார். வாயைக் குறைக்கச் சொல்லியிருந்தபடியால் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு எழுந்தேன். எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தகப்பன் முகதாட்சண்யத்துக்கு ஒரு வார்த்தை சொன்னார்.

"வெய்யில் ஏறிட்டுது தம்பி. சாப்பிட்டிட்டுப் போங்கோவன்."

அதற்கு யாழ்ப்பாணம் முழுக்க ஒரே பதில்தான். வீட்டை சமைச்சு வைச்சிருப்பினம், இன்னொரு நாளைக்கு வாறன். அதுவும், பேச்சு முற்றாகிறதுக்கு முந்தி, சம்பந்தம் பேசுகிற வீட்டில் யாரும் சோறு தின்னமாட்டார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். நாலு வருஷத்துக்கு முந்தித் தெரிந்திருந்தது.

"ஓம், சாப்பிடலாம்" என்று திரும்பவும் இருந்தேன்.

தகப்பன் தாயைப் பார்த்தார். தாய் குசினியைப் பார்த்தா. உள்ளே ஏதோ குசுகுசுத்தார்கள். பிறகு வாழையிலை வந்தது, சோறு வந்தது, விளைமீன் குழம்பு வந்தது.

என்ன குழம்பு அது! இன்னும் கொஞ்சம் சோறு போடவோ என்று கேட்டா. போடுங்கோ. குழம்பு? விடுங்கோ. இந்தத் துண்டையும் வைக்கவோ என்று கேட்டபோது அவவின் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தத் துண்டைப் பாதி தின்றுகொண்டிருக்கையில் முற்றத்தில் சைக்கிள் மணி கேட்டது. மாப்பிள்ளை. மத்தியானச் சாப்பாட்டுக்குத் தபால் கந்தோரிலிருந்து வந்திருக்கிறார். கையைக் கழுவிவிட்டு எனக்கு எதிரே இருந்தார். குசினிக்குள் ஒரு சட்டியை அகப்பையால் சுரண்டுகிற சத்தம். பிறகு தாய் அவருக்கு முன்னால் காலமை பேக்கரியில் வாங்கி மிஞ்சின பாணும் சம்பலும் கொண்டுவந்து வைத்தா.

அவர் என் இலையில் கிடந்த மீன் முள்ளைப் பார்த்துப் பார்த்துப் பாணைத் தின்றார். மத்தியானம் பாண் தின்பதும் ஒரு பழக்கம் போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எழும்பும்போது தாய்க்கு 'மெத்த நன்றி' என்றேன். எங்கள் ஊரில் நன்றி என்பது கூட்டம் முடிய ஒருவர் மேடையில் ஏறிச் சொல்லுவது. வீட்டுக்குள் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. அவ பயந்துபோனா.

வீட்டுக்கு வந்து, நல்ல மனுசர், அருமையான சாப்பாடு என்று அறிவித்தேன்.

அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. "சாப்பிட்டனியோ? பேச்சு முற்றாகேல்லை, அதுக்குள்ளை சோறு திண்டிட்டு வாறியோ?"

ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். "குறிப்பைக் குடுத்தபோது என்ன சொன்னவை?"

சட்டைப் பைக்குள் கையை விட்டேன்.

குறிப்பு அங்கேதான் இருந்தது.

அதாவது முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குப் போய், அவர்களின் சீனியை முடித்து, பணியாரத்தை முடித்து, மாப்பிள்ளையின் சோற்றையும் தின்றுவிட்டு, போன வேலையைச் செய்யாமல் திரும்பியிருக்கிறேன்.

ஐயா ஏசினார். நாலு வருஷம் அவங்கள் சோறு போடேல்லையோ என்றார். அதெல்லாம் பரவாயில்லை. அக்காதான் என் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தத் தொடங்கினா. ஒரே கொப்பியை நெடுநேரம் திருத்தினா. இவ்வளவு தூரம் படிக்கப் போகாமலே இருந்திருக்கலாம் என்று மனசார நினைத்தேன்.

பின்னேரம் திரும்ப உடுவிலுக்கு மிதித்தேன். இறங்கு வெய்யிலும் மண்டையைப் பிளந்தது. இந்தத் தரம் பச்சைத் தண்ணியும் வாங்கிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு போனேன்.

படலையைத் திறந்தது மாப்பிள்ளை. வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் கண் தன்னை அறியாமல் குசினிப் பக்கம் போய் வந்தது.

குறிப்பை இரண்டு கையாலும் கொடுத்தேன். நடந்ததையெல்லாம் ஒப்புவித்தேன். உருளைக்கிழங்கு, நைஜீரியாக்காரன், எல்லாம். "கேட்டால் ஓம் எண்டு சொல்லிப் பழகிட்டன். பிழை என்ரை. அக்கா அப்பிடியில்லை."

அவர் தாளைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "உங்கடை அக்கா கேட்டால் என்ன சொல்லுவா?"

"முதல் வேண்டாம் எண்டுதான் சொல்லுவா. மூண்டு தரம் கேக்கவேணும்."

"ஓமோம். ஒரு முத்திரை போதுமோ எண்டு கேட்டால், போதும் எண்டிட்டு நிண்டுகொண்டே இருப்பா" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. அந்த நிமிஷமே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது.

"தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டார்.

தொண்டை வறண்டு ஒட்டியிருந்தது. என்றாலும் சத்தியம் சத்தியம்தானே. "வேண்டாம்" என்றேன்.

"நல்லது" என்று படலையைச் சாத்தினார்.

குறிப்புப் பொருந்தியது. இரண்டு கிழமையில் அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள், ஏழு பேர். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தா. இரண்டு வருஷம் முத்திரை விற்றவரும் வாங்கினவவும் முதல் தரம் காண்கிற மாதிரி நிலத்தைப் பார்த்தார்கள். எல்லாம் பேசி முற்றாகி எழும்பும்போது ஐயா வழக்கம்போல முகதாட்சண்யத்துக்குச் சொன்னார்.

"நேரம் போயிட்டுது. சாப்பிட்டிட்டுப் போங்கோவன்."

தகப்பன் மறுக்க வாயெடுத்தார். அதற்கு முந்தி மாப்பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே, ஆறுதலாக, "ஓம்" என்றார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் நாலு பேருக்குத்தான் உலை வைத்திருந்தது. ஏழு பேரும் சாப்பிட்டார்கள். அக்கா அவர் இலைக்கு இரண்டாம் தரம் மீன் வைத்தா. நான் குசினி மூலையில் இருந்து பாணும் சம்பலும் தின்றேன்.

நான் கப்பலேறிப் போய் நாலு வருஷம் படித்ததை, அத்தான் ஒரே மத்தியானத்தில் படித்துவிட்டார்.