பாட்டிலில் முளைத்த திருநீற்றுப்பச்சை

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுங்களா. காலை நீட்டிக்கிட்டாலும் சரி, மூக்கை மட்டும் திறந்து வைங்க. இது வாசனைக் கதை.

கமலவேணி பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். உள்ளே திருநீற்றுப்பச்சை செழிப்பாகத்தான் இருந்தது. வாசனைதான் வெந்நீர்போல இருந்தது.

புதுச்சேரி மூலிகை ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் தற்காலிக வேலை. இலைத் துணுக்கைச் சத்துக்கூழில் வைத்து, பாட்டிலுக்குள்ளேயே செடி வளர்க்க வேண்டும். எந்திரம் அதன் எண்ணெயையும் தோட்டத்துச் செடியின் எண்ணெயையும் பிரித்து, காகிதத்தில் மலைமலையாகக் கோடு போடும். இரண்டும் சமமாக மணந்தால் அவள் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியோடு வீட்டுக்கு.

வேலை பார்த்த மில் மூடியபின் அவள் புருஷன் முருகையனும் அங்கேதான் தோட்டக்காரன்.

“மீந்த பாட்டில் செடியெல்லாம் இன்னா பண்றே?” என்று ஒருநாள் கேட்டான்.

“குப்பையில கொட்றேன். உனக்கெதுக்குய்யா?”

“சும்மா கேட்டேன்.”

பாட்டில் இலைக்குப் பதிலாக எந்திரத்துக்குக் கொடுக்க, தோட்டத்து இலையில் கொஞ்சம் புருஷனிடம் திருட்டுத்தனமாகக் கேட்கலாம். ஆனால் அவன் அரிச்சந்திரனுக்குத் தம்பி என்பது அவள் நினைப்பு. அதனால் பெரிய மார்க்கெட்டில் இலை விற்கும் வீராயியிடம் ஒரு கட்டு வாங்கி, பாட்டில் இலை என்று எந்திரத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

பிரான்சில் படித்த ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் கோவிந்தசாமி காகிதத்தைப் பார்த்துத் துள்ளினார். “த்ரே பியாங்! பிரமாதம்! பாட்டில் செடி, தோட்டத்துச் செடியை மூணு மடங்கு மிஞ்சிடுச்சும்மா!”

கமலவேணி காகிதத்தை எட்டிப் பார்த்தாள். சமமாக வந்தால் போதுமென்றுதான் நினைத்திருந்தாள்.

“தோட்டத்துச் செடி ஏன் சார் மணக்கல?”

“மண்ணு சரியில்ல. இல்லேன்னா தோட்டக்காரன் சரியில்ல.”

பதறிப்போய் அடுத்த முறை மார்க்கெட் இலையைக் குறைத்து, பாட்டில் இலையைக் கூட்டிக் கலந்தாள். அப்போதும் தோட்டம்தான் தோற்றது.

“இன்னொரு தடவை பாக்கலாமே சார்?”

“எதுக்கு? இனிமே தோட்டமே வேணாம்!”

அன்றே அவளுக்கு நிரந்தர உத்தரவு. அன்றே அவள் புருஷனுக்குச் சீட்டுக் கிழிந்தது.

“உன் பாட்டில் செடி என் சோத்துல மண்ணைப் போட்டுடுச்சு” என்று முருகையன் தட்டைத் தள்ளினான். அவள் உண்மையை மறைத்து, தட்டை அவன் பக்கமே நகர்த்தினாள்.

“நான் சம்பாரிக்கிறேன்ல. சாப்புடுய்யா.”

“உன் செடியையே கடிச்சிக்கிறேன், போ.”

மறுவாரம் டில்லியிலிருந்து அதிகாரிகள் வருவதாகச் சேதி வந்தது. அவர்கள் கண்ணெதிரிலேயே எந்திரம் ஓடவேண்டுமாம். வாசனை வராவிட்டால் அவள் சீட்டும் கிழியும். கமலவேணி மார்க்கெட்டுக்கு ஓடினாள்.

வீராயியின் கூடை காலி.

“நாலு கட்டு வேணும் வீராயிக்கா. எவ்ளோ கேட்டாலும் தர்றேன்.”

வீராயிக்கு இவள் யார் பெண்டாட்டி என்று தெரியாது. வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:

“இனிமே எங்கேர்ந்து வரும்? ஆராய்ச்சித் தோட்டத்துல அறுத்தாந்து எங்கிட்ட போட்டுட்டு, அந்த எடத்துல குப்பையில கெடந்த பாட்டில் செடியை நட்டு வச்சிருந்த மவராசன் முருகையனுக்குத்தான் வேலை போயிடுச்சே!”

உங்க வீட்டுல ரெண்டு பேர் வேலையும் நிலைக்கட்டும், கண்ணுங்களா. ஒருத்தர் மறைச்சதை இன்னொருத்தர் மார்க்கெட்டுல கேக்குற நாள் உங்க வாசப்படி ஏறாம இருக்கட்டும்.