கூடத்தின் நடுவே நீ எழுப்பிய சுவர்

அன்புள்ள தம்பிக்கு,

நான் ஊரில் இல்லாத மூன்று நாளில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வார விடுமுறைக்குக் குடும்பம் கூடுவதற்காக நான் கட்டிய தோட்ட வீட்டுக்குள் சுவர் எழுப்பி, அதில் கதவும் வைத்து, கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டுவிட்டாய். இங்கே அனைவரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். அண்ணன் வீட்டில் கை வைக்கும் அளவுக்குத் தெம்பு இருக்கிறதே.

அந்த வீட்டின் வரைபடத்தை யாரிடமும் கேட்காமல், கட்டம் போட்ட நோட்டில் நானே போட்டேன். முப்பத்து நான்கு வருடம் கிடங்குப் பொறுப்பாளனாக இருந்தவன் நான். வாசலில் நின்றால் அத்தனை சரக்கும் கண்ணில் பட வேண்டும். மறைவு இருக்கும் இடத்தில்தான் மூட்டை காணாமல் போகும். மனிதர்களும் அப்படித்தான். பழைய வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆளுக்கோர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள், நான் காலி நாற்காலிகளோடு உட்கார்ந்திருப்பேன். அதனால்தான் ஒரே கூடம், வரிசைக்கு ஏழாகப் பதினான்கு கட்டில், குளியலறை தவிர உள்ளே எதற்கும் கதவில்லை. எஞ்சினியர் பார்த்துவிட்டு, "ஐயா, இது வீடா, ஆஸ்பத்திரி வார்டா?" என்றார். "நீங்க செங்கல்லை மட்டும் பாருங்க" என்றேன்.

முதல் சனிக்கிழமை நடந்ததை நீ எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாயாம். ஆமாம், மாப்பிள்ளை போன் பேசக் குளியலறைக்குள் போனார், வெளியே ஆறு பேர் துண்டோடு நின்றார்கள், மதியம் உன் குறட்டையில் குழந்தை எழுந்தது, குழந்தை அழுததில் மற்றவர்கள் எழுந்தார்கள், என் மகள், "நிம்மதியா சண்டை போடக்கூட இடமில்லையேப்பா" என்று மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள், அதைப் பார்த்து மருமகள் அவள் அம்மாவோடு போனில் பேச இன்னொரு காருக்குள் போனாள், உன் மனைவி என்னைப் பற்றிப் பேச வேண்டுமென்று உன் அண்ணியை மூன்றாவது காருக்குள் கூட்டிக்கொண்டு போனாள், சாயங்காலம் நான் தேநீர்த் தட்டோடு வந்தால் பதினான்கு கட்டில் இருக்கிறது, ஓர் ஆள் இல்லை.

அதற்குச் சுவரா மருந்து? பழகினால் சரியாகியிருக்கும். கிடங்கிலும் முதல் மாதம் முணுமுணுத்தார்கள். "அண்ணே, இனிமே யாருமே வரமாட்டேங்கறாங்க, அதான் ஒரு ரூமாவது..." என்று போனில் இழுத்தாய். வராவிட்டால் போகட்டும். இந்த வயதில் எத்தனை பேரைத்தான் கெஞ்சிக் கூப்பிடுவது? அலுத்துவிட்டது. திங்கட்கிழமை மேஸ்திரி வந்து சுவரை இடிக்க வேண்டும்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசி. உனக்கு, சுவர் விழுந்த பிறகு.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: இடிக்க வேண்டாம். இதைத் தபாலில் போடுவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. கதவு வைத்தாயிற்று என்று நீ சொன்னாயாம், எல்லோரும் வந்து இறங்கிவிட்டார்கள். என் கண்ணில் படப் பயந்து நீ மட்டும் வரவில்லை. உன் அண்ணியும் மகளும் மருமகளும் அந்த அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு ஒரு மணி நேரமாகிறது. "அடுத்தது நான், மாமா" என்று மாப்பிள்ளை கூடத்தில் காத்திருக்கிறார். கார்கள் காலியாக நிற்கின்றன. உள்ளே ஒரே சிரிப்பு. உன் அண்ணி இப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனையோ வருடமாயிற்று. ஆகவே, எதிர்மூலையில் இன்னொரு சுவர் எழுப்ப வேண்டியது மேஸ்திரி. அதற்குக் கதவு வாங்க வேண்டியது நீ. இப்போது தேநீர் போட வேண்டியது மாப்பிள்ளை. கதவைத் தட்டி, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டியது நான்.