சமுத்திர ஸ்படிகம்

உப்பு கடலில் விளைகிறது என்று படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மிகவும் வருந்தத்தக்க பிழை. திருவனந்தபுரத்தைப் பொறுத்தவரை உப்பு ஓர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் விளைகிறது. அங்கே கையெழுத்து விழும்வரை அது வெறும் வெள்ளைப் பொடி.

பழவங்காடியில் மளிகைக்கடை நடத்தும் நெல்லையப்பன் கெமிஸ்ட்ரியில் பட்டம் பெற்றவர். தண்ணீரே ஒரு கெமிக்கல்தான் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் எதிர்க்கடைக்காரன் ‘கெமிக்கல் இல்லாத கடை’ என்று போர்டு மாட்டியதும், பழைய வாடிக்கையாளர்கள் பழகிய சிரிப்பைக்கூடச் செலவழிக்காமல் ரோட்டைக் கடந்தார்கள். மறுநாளே இவரும் ஒன்று மாட்டினார், அதைவிடப் பெரிதாக.

அந்த நேரம் பார்த்து லைசென்ஸ் புதுப்பிக்கிற வேளை வந்தது. சபரிமலை சீசன் தொடங்குமுன் கையெழுத்து ஆகாவிட்டால் வருஷத்து வியாபாரமே போச்சு. உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வந்தவர் ஷிஜி மேடம். நேரே உப்புப் பாக்கெட்டை எடுத்தார்.

“அண்ணாச்சி, இதுக்கு சயன்ஸ் பேரு எந்தா?”

“சோடியம் குளோரைடு, மேடம்.”

“சோடியம் தண்ணியில போட்டா வெடிக்கும், அல்லே?”

“வெடிக்கும்.”

“குளோரின் விஷவாயு?”

“அதும் சரிதான். ஆனா இதுல சோடியம் ஒரு எலக்ட்ரானைக் குளோரினுக்குக் குடுத்தாச்சு. ஒண்ணு பாசிட்டிவ், இன்னொண்ணு நெகட்டிவ். ஒண்ணையொண்ணு இழுத்துப் பிடிச்சிட்டு சமத்தா இருக்கு. ஒரு பயமும் இல்ல.”

“குடுத்ததுக்கு ரசீது உண்டோ?”

“எலக்ட்ரானுக்கா?”

“நாளைக்கு சோடியம் அதைத் திரிச்சுத் தரச் சொல்லிக் கேட்டா?”

“கேக்காது மேடம். இயற்கை.”

“இயற்கை நம்ம டிபார்ட்மென்ட்ல வராது.”

மேடம் நீண்ட நேரம் ஆலோசித்து உத்தரவிட்டார். சோடியத்தையும் குளோரினையும் தனித்தனி அலமாரியில் வைக்க வேண்டும். முடியாதென்றால் போர்டைக் கழற்ற வேண்டும். நெல்லையப்பனின் முகம் தொங்கியதைப் பார்த்து இரங்கி, சட்டத்தில் இருந்த ஓர் ஓட்டையையும் காட்டினார்.

“அண்ணாச்சி, நாங்க லேபிள்தான் நோக்கும். பேருல கெமிக்கல் இல்லேன்னா, சாமான்லயும் இல்ல.”

ஒரே ராத்திரியில் உப்பு ‘சமுத்திர ஸ்படிகம்’ ஆனது. சமையல் சோடா ‘பொங்கு சூரணம்’ ஆனது. விலையும் பெயருக்கேற்ற உயரத்துக்குப் போனது. எதிர்க்கடைக்குப் போனவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். சாதா உப்பு கேட்ட ஒருவரை வரிசையில் நின்றவர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

லைசென்ஸோடு மேடம் மறுபடி வந்தார். கையில் பேனா திறந்திருந்தது. ஸ்படிகப் பாக்கெட் ஒன்றை எடுத்துப் புரட்டினார்.

“வீட்டுக்காரனுக்கு பிரஷர் உண்டு. டாக்டர் உப்பே கூடாதுன்னு பறஞ்சிருக்கார். இதுல உப்பு இல்லல்லோ?”

நெல்லையப்பன் பேனாவின் முனையைப் பார்த்தார்.

“சமுத்திர ஸ்படிகம் மட்டுந்தான், மேடம்.”

கையெழுத்து விழுந்தது.

அடுத்த மாதம் டாக்டர் அந்த வீட்டுக்காரருக்கு இன்னொரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஷிஜி மேடம் அட்டையில் இருந்த பெயரை வாசித்துப் பார்த்துவிட்டு, கெமிக்கல் என்று குப்பையில் போட்டார். வேலை முடிந்து போகும் வழியில் ஸ்படிகம் இரண்டு பாக்கெட் வாங்கிப் போனார்.