பிளக்கு அண்ணனின் சட்டைப் பை

எங்கள் தோட்டத்தில் துரைக்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள். காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிந்தவர்களுக்குப் பயப்படாதவர்களும் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். பிளக்கு அண்ணனுக்குப் பயப்படாதவரைக் கேமரன் மலை முழுக்கத் தேடினாலும் பிடித்திருக்க முடியாது. இத்தனைக்கும் மனிதர் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. துரை பங்களா புல்வெளியில், உட்கார்ந்து ஓட்டும் புல்லு மெசினை ஓட்டுவதுதான் அவர் வேலை.

மலாயாவில் வெள்ளைக்காரன் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் அது. பங்களாவைச் சுற்றி முள்கம்பி வேலி, மணல் மூட்டை, அப்புறம் நான். நான் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்; தோட்டத்தைக் காக்கச் சொல்லி என்னை நம்பித் துப்பாக்கி கொடுத்திருந்தார்கள், பாவம். புல் வளர்ந்தால் ஆள் ஊர்ந்து வந்துவிடுவான் என்பது மேலிடத்துக் கவலை. அதனால் அண்ணன் வெட்ட வேண்டும், நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அவர் வெட்டத் தொடங்குவதற்குள் எனக்குக் கால் மரத்துவிடும். முதலில் புல்வெளி முழுக்க நடந்து கல் பொறுக்குவார். பிறகு குப்புறப் படுத்துக் கன்னத்தைப் புல்லில் வைத்து ஈரம் பார்ப்பார். எங்கள் மலையில் புல் என்றைக்குக் காய்ந்தது? துரை ஜன்னலிலிருந்து கத்துவார். வழுக்கிக் கவிழ்ந்தால் நீ வந்து தூக்குவாயா என்று இவர் தமிழில் கேட்பார். துரை புரியாமல் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். அண்ணன் மேட்டில் மெசினை நேராகத்தான் ஏற்றுவார், குறுக்கே ஓட்டவே மாட்டார். மெசின் நின்றுபோனால் மூன்றே கேள்வி: எண்ணெய் வருதா, காத்து வருதா, நெருப்பு வருதா? கணக்கெழுதும் ஆபீஸ் கிராணிக்கு இருமல் வந்தபோதும் இதே மூன்றைத்தான் கேட்டார்.

கத்திப் பக்கம் கை போகும் முன், என்ஜினுக்கு நெருப்புக் கொடுக்கும் பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். அதோடு விட்டாரா? கல்யாணத்துக்கும் அந்தப் பிளக்கோடு போவார். கோயிலில் கும்பிடும்போது பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவார். ஏன் அண்ணே என்று கேட்டதற்கு, பாதி விரல் இல்லாத இடது கையால் மெசினைக் காட்டினார்.

"கத்திக்குத் தூக்கமே கிடையாது தம்பி. பிளக்கு எங்கிட்ட இருந்தாத்தான் அது படுத்திருக்கும்."

அந்தப் பாதி விரல் எங்கே போனது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அதே சட்டத்தை என் துப்பாக்கிக்கும் போட்டார். உட்கார்ந்தால், குண்டை வெடிக்க வைக்கும் போல்ட்டைக் கழற்றிப் பையில் போட வேண்டுமாம். சார்ஜன்ட் பார்த்தால் என் தோலை உரித்திருப்பார். ஆனாலும் அண்ணனின் நச்சரிப்புக்கு சார்ஜன்ட் தேவலை. கழற்றித் தொலைத்தேன்.

ஒரு மத்தியானம் பனிமூட்டம் இறங்கியிருந்தது. மெசின் புல்வெளியின் அந்தக் கோடியில் நின்றது. இருவரும் மணல் மூட்டை மேல் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். பனிக்குள்ளே டர்ரென்று மெசின் கிளம்பியது. அண்ணன் மெதுவாகப் பையிலிருந்து பிளக்கை எடுத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். சத்தம் புல்வெளியை ஒரு சுற்றுச் சுற்றியது, அவர் ஓட்டுகிற அதே வேகத்தில். பிறகு நின்றது.

பனி விலகியபோது மெசின் அதே இடத்தில் இருந்தது. தாழப் பறந்த விமானமாக இருக்கும் என்று சார்ஜன்ட் சொன்னார். அண்ணன் போய் என்ஜின் மேல் கை வைத்தார்.

"சூடா இருக்குலா," என்றார்.

நான் தொட்டுப் பார்க்கவில்லை. எனக்கென்ன பைத்தியமா?

அன்றோடு அவருக்குச் சட்டைப் பை மேல் நம்பிக்கை போய்விட்டது. கத்தியில் கை வைக்கும் நேரமெல்லாம் பிளக்கைப் பல்லில் கடித்துக்கொள்ள ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் மறுபடியும் பனி. அவர் வெட்டிக்கொண்டிருந்தார், நான் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று மெசின் இருமியது, நின்றது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. வெகுநேரம் ஆகியும் இல்லை. எழுந்து நின்றேன். பனிக்குள் ஒரு உருவம் வந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் கூம்பாக ஏதோ இருந்தது, கையில் நீளமாக ஒரு இரும்பு. மூன்று முறை கேள், பதில் வராவிட்டால் சுடு என்பது உத்தரவு. யாரது என்று மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. உருவம் பதில் சொல்லாமல் நெருங்கியது.

விசையை இழுத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தேன்.

பனியிலிருந்து வெளியே வந்தவர் அண்ணன். தலையில் மழைக்குப் போடும் கோணிப்பை, கையில் நெம்புகோல், பல்லிடுக்கில் பிளக்கு. அதை எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

"வேலிக்கம்பி கத்தில மாட்டிக்கிச்சு. வாயில பிளக்க வச்சிக்கிட்டு ஒனக்கு எப்பிடிடா பதில் சொல்றது?"

அப்போதுதான் அவர் பார்வை துப்பாக்கி மேல் விழுந்தது. போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பள்ளம். விசையில் என் விரல் இன்னும் மடங்கியிருந்தது. அவர் முகம் கோணிப்பை நிறத்துக்கு வந்தது. கிட்டே வந்து என் விரலை மெதுவாகப் பிரித்து எடுத்தார். என் சட்டைப் பையை வெளியிலிருந்து தடவிப் பார்த்தார்.

"இருக்கு," என்றார். "வா, கம்பிய எடுப்போம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. நான் லயத்து வீட்டுக்குப் போய் அழுதேன்.

பல வருடம் கழித்து அண்ணன் போய்விட்டார் என்று சேதி வந்தபோது அப்போது நான் இருந்த கம்போங் ராஜாவிலிருந்து லாரி ஏறிப் போனேன். புதுச் சட்டை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். பை காலியாக இருந்தது. பிளக்கு எங்கே என்று கேட்டு வாங்கி, நான்தான் அதில் வைத்தேன். மெசின் எப்போதோ பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. இருந்தாலும் அண்ணன் நிம்மதியாகத் தூங்கட்டுமே.