எரிமலை வெந்நீரும் என் இடுப்பும்

ஆயுளில் ஒரே ஒரு தடவையாவது கழுத்து வரைக்கும் வெந்நீரில் உட்கார்ந்துவிட்டுத்தான் சாவது என்று அந்த வருஷம் முடிவு பண்ணினேன். என் இடுப்புக்கு நான் செய்யவேண்டிய கடமை அது.

சிரிக்காதீர்கள். ஜெரோம் என்றால் திண்டுக்கல்லில் பலருக்குத் தெரியும். மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கிறேன். ஊர்த் தண்ணீரையெல்லாம் மேலே ஏற்றிவிடுகிறவன். வீட்டில் எனக்குக் குளிக்க அரை வாளி. அதையும் என் மனைவி அறிவுச்செல்வி எட்டிப் பார்த்து அளந்துவிட்டுத்தான் கொடுப்பாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. மழை பொய்த்துப்போன வருஷங்கள் அவை. குழாயில் தண்ணீர் தெருவுக்குத் தெரு முறை வைத்து எப்போதாவது ஒருநாள் வரும். வருகிற நாளில் வீட்டுக்கு ஓர் ஆள் குடத்தோடு நிற்கவேண்டும். கல்யாணமோ சாவோ, எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மோட்டார் தூக்கித் தூக்கி என் இடுப்பு போய்விட்டது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. அந்த நேரத்தில்தான் மோட்டார் கம்பெனியின் விற்பனைப் பையன் முகேஷ்குமார் கடைக்கு வந்து ஒரு படத்தைக் காட்டினான். இந்தோனேசியா. பின்னால் ஓர் எரிமலை. முன்னால் ஆவி பறக்கிற குளம். அதில் ஒரு தடியர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அவரை ஏன், எதற்கு என்று கேட்கப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளையும் இல்லை. டார்கெட்டை முடித்தால் டீலருக்கும் கூட ஓர் ஆளுக்கும் சனி, ஞாயிறு அங்கேதான் குளியலாம். செலவெல்லாம் கம்பெனியுடையது.

பேய் மாதிரி விற்றேன். செம்பட்டி, ரெட்டியார்சத்திரம் என்று வெயிலில் அலைந்தேன். கிணறே இல்லாத ஒருவர் தலையிலும் ஒரு மோட்டாரைக் கட்டினேன். டார்கெட் முடிந்தது.

மிச்சம் இருந்த சிக்கல் அந்தக் கூட வருகிற ஆள். அறிவுச்செல்வி வந்தால் எரிமலைக் குளத்திலும் எனக்கு அரை வாளிதான். ஆகவே செம்பட்டி நண்பன் செபஸ்தியான் பேரை முகேஷ்குமாரிடம் சொல்லி வைத்தேன். செபஸ்தியான் வாயே திறக்காத மனுஷன். இனி மனைவி தானாகவே "நான் வரலை" என்று சொல்லவேண்டும். பயம் காட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தேன்.

“செல்வி, கம்பெனியில இந்தோனேசியா கூட்டிட்டுப் போறாங்க. ஆனா அங்க எரிமலை இருக்காம்.”

“இருந்துட்டுப் போகுது. அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கும்.”

“சும்மா இருக்கிற மலையில்ல அது. செத்த நேரத்துக்கு ஒருக்க நெருப்பைக் கக்குமாம். ஆட்டுக்கல்லு தண்டிக்குக் கல்லு பறக்குமாம்.”

“யாத்தே!”

“போறவங்கள்ல பாதிப்பேருதான் திரும்பி வருவாங்களாம்.”

“அம்புட்டு ஆபத்தா?”

கரண்டி அப்படியே நின்றுவிட்டது. முகம் வெளுத்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் வைக்கச் சொன்னேன்.

அப்புறம் சில நாள் அவள் சரியாகப் பேசவில்லை. கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். என் மேல் இவ்வளவு பாசமா என்று எனக்கே கண் கலங்கியது. ஒரு சாயங்காலம் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“ஏங்க, உங்களை அங்க அனுப்ப எனக்கு மனசில்ல.”

“கெடச்சதை விட்டுற முடியுமா? நீ இரு. நான் மட்டும் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போயிட்டு வந்துர்றேன்.”

“உங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா? கடையை யாரு பாக்குறது? பிள்ளைகளுக்கு யாரு பீசு கட்டுறது? எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா குடும்பம் நின்னுறாது. அதுனால நான் போறேன்.”

“நீயா?”

“கடை என் பேர்லதான இருக்கு? டீலர்னா நான்தானாம். முகேஷ்குமார் தம்பிட்ட போன் போட்டுக் கேட்டுட்டேன்.”

உண்மைதான். ஆடிட்டர் சொன்னாரென்று நான்தான் அவள் பேரில் பதிந்தேன். திறப்பு விழாவுக்கு அப்புறம் அவள் அந்தக் கடைக்குள் கால் வைத்ததில்லை.

“தனியாவா போவ?”

“தமிழ்நிலா வாரேன்னுட்டா.”

தமிழ்நிலா என் கொழுந்தியாள். ஜெருசலேம் போகவேண்டும் என்று அக்காளும் தங்கச்சியும் எப்போதோ பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார்கள்.

“அவ உசிரு உசிரில்லையா? அவ வீட்டுக்காரரு விடுவாரா?”

“எரிமலைன்னு சொன்னதுமே சரின்னுட்டாராம்.”

எனக்கு வயிறு எரிந்தது. மூட்டிய எரிமலையை அவசரமாக அணைக்கப் பார்த்தேன்.

“செல்வி, நான் நல்லா விசாரிச்சேன். அது அம்புட்டு மோசமான மலையில்லையாம். அணைஞ்சே ரொம்ப வருஷம் ஆச்சாம். நான் போனா ஒண்ணும் ஆகாது.”

“எனக்காகத்தான இப்ப மாத்திப் பேசுறீங்க? உங்களுக்குத் தங்கமான மனசுங்க” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அதுவும் போக, அந்த ஞாயித்துக்கிழமை நம்ம தெருவுக்குத் தண்ணி முறை. நீங்க வீட்டுல இருந்தாத்தான் சரிப்படும்.”

சென்னை ரயிலில் பெட்டிகளை நானே ஏற்றினேன். இடுப்பில் களுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அக்காளும் தங்கச்சியும் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருக்குழாயில் பெண்களோடு பெண்ணாக நின்று, திட்டு வாங்கி, குடம் குடமாகச் சுமந்து தொட்டியை நிரப்பினேன். வாழ்க்கையே வெறுத்துப்போயிற்று. ஒரு குடம் தண்ணீரை மட்டும் திருட்டுத்தனமாக அடுப்பில் ஏற்றினேன். இடுப்பில் ஊற்றிக்கொள்ளலாம் என்ற நேரத்தில் போன் அடித்தது.

“ஏங்க, தண்ணி வந்துச்சா?”

“வந்துச்சு. நீ எப்படி இருக்க?”

“கழுத்து வரைக்கும் உக்காந்திருக்கோம்ங்க. முழங்கால் வலி போன இடம் தெரியல. ஆனா மனசுதான் ஆறல. ராவும் பகலும் தண்ணி சும்மா ஓடுது, ஒருத்தரும் ஒரு குடம் வச்சுப் பிடிக்க மாட்டேங்குறாங்க.”

“எரிமலை?” என்றேன், ஒரு நப்பாசையில்.

“அது தூங்குது. தூங்குற மலைதான்னு நீங்க பயம் காட்டுன அன்னைக்கே முகேஷ்குமார் தம்பி போன்ல சொல்லுச்சு. செபஸ்தியான் அண்ணன் பேரை நீங்க குடுத்து வச்சதையும் சொல்லுச்சு.”

அன்றைக்கேவா? அப்படியென்றால் அந்த மெழுகுவத்தி? அந்தக் கண்ணீர்? எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

“லைன்ல இருக்கீங்களா? அடுத்த வருஷம் பனிமலைக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். தமிழ்நிலா இப்பவே வாரேன்னுட்டா. டார்கெட்டைத்தான் இன்னும் கூட்டிட்டாங்களாம். அதுனால ஞாயித்துக்கிழமைன்னு வீட்டுல படுத்துறாதீங்க.”

அடுப்பை அணைத்துவிட்டுப் போய்க் கடையைத் திறந்தேன்.