தும்மல் பேய்க்கு ஒரு பொட்டலம் சாம்பல்

குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரே தும்மிக்கொண்டிருந்தது. சம்பா அறுவடையில் களத்துத் தூசி பறந்தால் மூக்கு தும்மத்தான் செய்யும். ஆனால் ஊருக்கு வந்திருந்த சாமியார் இராஜாங்க சாமி வேறு காரணம் கண்டுபிடித்தார்: அறுப்பு ஆட்கள் கூலி நெல் கூட்டிக் கேட்டுச் சங்கக் கொடி நட்டார்கள் அல்லவா, அதனால் பேய் பிடித்துவிட்டதாம். சாமிக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவர் பண்ணையார். பேய்க்குக்கூடக் கூலி விவகாரம் தெரிந்திருந்தது!

வரிசை வாய்க்கால் மதகு வரை நின்றது. பகுத்தறிவு ஆட்சிக்கு ஓட்டுப் போட்ட அதே கைகள்தாம் நீண்டன. ஒரு பொட்டலம் சாம்பல், காதில் ஒரு மந்திரம். சற்று நேரத்தில் தும்மல் நிற்கும், கண் சொக்கும். "பேய் இறங்குது" என்பார் சாமி.

பொட்டலத்தை விழுங்கிய ராமாயிக்கு மட்டும் நெஞ்சு படபடவென்று அடித்தது. தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

"பேய் முரண்டு பண்ணுது. இன்னொண்ணு குடு" என்றார் சாமி. அவள் கணவன் கண்ணுசாமி பொட்டலத்தைப் பிரித்தான்.

சர்க்கார் ஆஸ்பத்திரி நர்சு அமலி, தும்மிக்கொண்டே அவன் கையைப் பிடித்தாள். "வேணாம்ணே! அக்காவுக்கு பிரஷர் இருக்கு. வண்டியைக் கட்டுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"சாமி சொல்லாம வர மாட்டேன் நர்சம்மா. வெறும் சாம்பல்தானே?"

"சாம்பல்ல என்னம்மா இருக்கு? எல்லாம் மந்திரம்" என்று சிரித்தார் சாமி.

"அப்ப டீக்கடை அடுப்புச் சாம்பலுக்கு ஓதுங்க. ஓதாத உங்க பொட்டலத்தை நான் திங்கிறேன்."

"ஓதுங்க சாமி!" கூட்டத்துக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. சாமிக்கு வேர்த்தது; ஓதினார். ஐந்து பேர் அடுப்புச் சாம்பலை விழுங்கினார்கள். அமலி ஓதாத பொட்டலத்தை விழுங்கிவிட்டு, ஒரு கையால் ராமாயியின் நாடியைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

முக்கால் மணி நேரம் போனது. மந்திரம் வாங்கிய ஐவரும் ஊர் அதிரத் தும்மினார்கள். மந்திரமே கேட்காத அமலிக்குத் தும்மல் நின்று கொட்டாவி வந்தது.

கண்ணுசாமி எழுந்துபோய்ச் சாமியின் மூட்டையைக் கவிழ்த்தான். மாத்திரை அட்டைகள் கொட்டின. அமலி ஒன்றை எடுத்துப் பெயரைப் படித்தாள்.

"பொடிச்சுக் கலந்திருக்காருண்ணே. இதுல ரெண்டு மருந்து. ஒண்ணு தும்மலை நிறுத்தும், தூக்கம் வரும். இன்னொண்ணு மூக்குக்குள்ள வீங்கின ரத்தக் குழாயைச் சுருக்கும், அடைப்பு விடும். ஆனா அது மூக்கோட நிக்காது. பிரஷர்காரங்களுக்கு உடம்பு பூரா இறுக்கும். ரெண்டாவது பொட்டலம் குடுத்திருந்தா..."

கண்ணுசாமி மீதியைக் கேட்கவில்லை. மனைவியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினான்.

ஒரு துளி தூசி நுழைந்தால் போதும், மூக்கு அதை வெளியே தள்ளாமல் விடுவதில்லை. நாலு விரற்கடை மேலே இருக்கும் மூளைக்குள் மூட்டை மூட்டையாய்ச் சாம்பலைக் கொட்டுகிறார்கள். அது ஒரு தடவையாவது தும்ம வேண்டாமா?