கூரை வராத கோர்னர் லாட்

ஜோகூர் மாநிலம் முழுக்கத் தேடினாலும், கூரை இல்லாத வீட்டுக்கு அளவெடுத்துத் திரைச்சீலை தைத்த மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பிளாஸ்டிக் வாளிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. இத்தனை வருடத்தில் ஓர் ஓட்டை வாளிகூட அவர் கையைத் தாண்டி வெளியே போனதில்லை. அப்பேர்ப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு வீடு வாங்கினார். அதில் ஓட்டை எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளச் சீட்டில் அச்சடித்திருப்பார்கள். எங்களுக்கு அவர் 'ஹவுஸ் ஓனர்'. காலையில் தொழிற்சாலை வேனில் ஏறியதும் பையிலிருந்து ஒரு வண்ணப் புத்தகத்தை எடுப்பார். அவர் வீடு வாங்கப்போகும் தாமானின், அதாவது புதுக் குடியிருப்பின், விளம்பரப் புத்தகம் அது. வேனில் இருந்த பதினோரு பேருக்கும் அந்த வீட்டின் குளியலறை ஓடு என்ன நிறம் என்று மனப்பாடம்.

பாலோ பக்கம் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவர். அதற்குப் பிறகு ஜோகூர் பாருவில் வாடகை ஃபிளாட். மனைவி பத்மா அக்கா, ஒரே மகள் கவிதா, ஒரு கெடுபிடி வீட்டுக்காரர். அந்த வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். சாமி படம்கூட நாற்காலியில் சாய்ந்துதான் இருந்தது.

"தம்பி, எனக்குப் பெரிய ஆசயெல்லாம் கிடையாது. சொந்தச் செவுத்துல சொந்தமா ஒரு ஆணி அடிக்கணும்லா. அவ்வளவுதான்" என்பார் என்னிடம்.

தாமான், கோத்தா திங்கி போகும் சாலையில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வருவதாக இருந்தது. மாதிரி வீடு ஒன்றை மட்டும் முழுசாகக் கட்டி, ஏர்கான் போட்டு, மேசையில் பிளாஸ்டிக் ஆப்பிள் வைத்திருந்தார்கள். நம்மவர் பதினோரு தடவை போய்ப் பார்த்தார். விற்பனைக்கு நின்ற பெண், "கோர்னர் லாட் எடுங்க அங்கிள், வரிசைக்குக் கடைசி மூலை வீடு, மூணு பக்கமும் நல்லா காத்து வரும்" என்றாள். காற்று விஷயத்தில் அந்தப் பெண் பொய் சொல்லவில்லை.

சுவர் எழும்பியது. வாசல்கால் வந்தது. அதோடு ஒரு நாள் வேலை நின்றது. முதலில் சிமெண்டு லோரி வரவில்லை, பிறகு ஆட்கள் வரவில்லை, பிறகு வீடு கட்டிய கம்பெனியின் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. ஆறு மாதத்தில் மாதிரி வீட்டின் ஏர்கானும் பிளாஸ்டிக் ஆப்பிளும் காணாமல் போயின. காணாமல் போகாதது பேங்கு ஒன்றுதான். எழும்பிய சுவர் வரைக்கும் கொடுத்த கடனுக்கு மாதா மாதம் தவறாமல் பிடித்துக்கொண்டது.

மற்றவர்கள் அழுதார்கள், மனு எழுதினார்கள், சங்கம் அமைத்தார்கள். ஹவுஸ் ஓனரும் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால், மோட்டார் சைக்கிளில் புல்வெட்டும் கத்தியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஒருமுறை என்னையும் கூட்டிப் போனார். லாலாங் புல் இடுப்பு வரைக்கும் நின்றது. நான் சேற்றுக் காலோடு உள்ளே நடந்தேன்.

"தம்பி! சிலிப்பர்!"

"என்னண்ணே?"

"வெளிய கழட்டுங்க. ஹால்லா அது!"

கழற்றினேன். உள்ளேயும் அதே சேறுதான். இருந்தாலும் அந்தக் குரலுக்கு எதிராக யாரும் செருப்புப் போட்டு நடக்க முடியாது.

இன்னொரு ஞாயிறு, அந்த ஹாலில் இரண்டு மாடுகள் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. மாட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் பக்கத்துத் தோட்டத்துத் தமிழர், சாதுவான மனிதர்.

"உங்க மாடு என் ஹால்ல நிக்குதுங்க."

மாட்டுக்காரர் மேலே வானத்தைப் பார்த்தார், கீழே புல்லைப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க. ஹாலுன்னு அதுக்குத் தெரியல" என்று சொல்லி, மாடுகளை ஜன்னலுக்காக விட்டிருந்த இடைவெளி வழியாக ஓட்டப்போனார்.

"அலமாக்! வாசல் பக்கமா ஓட்டுங்க. வீடுன்னா ஒரு முறை இருக்குல்ல?"

மாடுகள் ஹாலைச் சுற்றித் திரும்பி, வாசல்கால் வழியாக ஒழுங்காக வெளியேறின. அதன் பிறகு மாட்டுக்காரர் அவரைப் பார்க்கும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றுவார்.

நம் ஊரில் தீபாவளிக்கு எல்லாரும் வீட்டைத் திறந்துவைத்து, தெரிந்தவர்களையெல்லாம் விருந்துக்கு அழைத்து 'ஓப்பன் ஹவுஸ்' வைக்கிறோம். ஹவுஸ் ஓனர் வைத்ததைவிட ஓப்பனான ஹவுஸை நான் பார்த்ததில்லை. தொழிற்சாலை முழுவதையும் அழைத்திருந்தார். தையல்கடையில் கொடுத்துத் தைத்த ஆரஞ்சு நிறத் திரைச்சீலை, கதவில்லாத வாசலில் கயிற்றில் தொங்கியது. நாங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஆட்டுக்கறிச் சட்டி காலியாகவே இல்லை, மழை பெய்யப் பெய்யக் குழம்பு கூடிக்கொண்டே போனது. எங்கள் சூப்பர்வைசர் ஆ செங், ஒரு கையில் குடையும் ஒரு கையில் நனைந்த முறுக்குமாக நின்று, "வெரி பிக் ஹவுஸ், வெரி பிக்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வேறென்ன சொல்வார், பாவம்.

அவர் பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம் கொண்டுவந்திருந்தார். ஹவுஸ் ஓனர் சட்டைப் பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்தார். எத்தனை நாளாகப் பையிலேயே வைத்திருந்தாரோ. கல்லால் தட்டி, சொந்தச் சுவரில் இறக்கினார். நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். பத்மா அக்கா தட்டவில்லை. குடையைச் சோற்றுப் பானைக்குப் பிடித்தபடி, தான் நனைந்துகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பரிமாறிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் கடிகாரம் திருடுபோனது. விடுவாரா? போலிஸ் ஸ்டேசனுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மேசையில் இருந்த மலாய்க்கார போலிஸ்காரர் பொறுமையாக எழுதத் தொடங்கினார்.

"பிந்து பெச்சா?" கதவை உடைத்தார்களா என்று கேட்டார்.

"பிந்து தாடா, துவான்." கதவே இல்லை.

ஜன்னல்? அதுவும் இல்லை. கூரை வழியாக? கூரை இன்னும் வரவில்லை. போலிஸ்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி வரவழைத்தார். அதுவே அவரால் முடிந்த உதவி. வெளியே வந்ததும் ஹவுஸ் ஓனர் மெதுவாகச் சொன்னார்: "கடிகாரம் போனா போகுது தம்பி. ஆணியயும் பிடுங்கிட்டுப் போயிட்டானுங்க."

இதுவரைக்கும் சொல்லிச் சிரிக்கலாம். வேனில் நாங்களும் சிரித்தோம். இந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு குடும்பம் நசுங்கிக்கொண்டிருந்தது எங்களுக்கு லேட்டாகத்தான் உறைத்தது.

இல்லாத வீட்டுக்குத் தவணை, இருக்கிற வீட்டுக்கு வாடகை. இரண்டையும் சேர்த்துச் சுமக்க முடியாமல், ஃபிளாட்டைக் காலி செய்து ஒரு கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறைக்குப் போனார்கள். கவிதாவுக்குத் தாதியர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அவள் போகவில்லை. சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, விடியுமுன் மோட்டாரில் பாலம் தாண்டிப் போய்வர ஆரம்பித்தாள். அந்தச் செய்தியை ஹவுஸ் ஓனர் யாரிடமும் சொல்லவில்லை. வேனில் முன்சீட்டை விட்டுப் பின்சீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். வண்ணப் புத்தகம் பையிலிருந்து வெளியே வருவது நின்றுபோனது.

"வித்துத் தொலைங்க" என்றார் பத்மா அக்கா. "செவுரு மட்டும் இருக்குன்னு சொல்லியே வித்துடுங்க. யாராச்சும் ஒரு பைத்தியம் வராமலா போயிடும்?"

வந்தது. மூவாரில் மரச்சாமான் செய்யும் ஒருவர், என்றைக்காவது இந்த இடம் விலை ஏறும் என்று கணக்குப் போட்டு, அடிமாட்டு விலைக்குக் கேட்டார். ஹவுஸ் ஓனர் ஒரு வாரம் சாப்பிடாமல் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். லோயர் ஆபீசுக்கு நானும் போனேன். லோயர் பைலைப் புரட்டினார்.

"நிலப்பட்டா இன்னும் உங்க பேருக்கு வரல. விக்கணும்னா வீடு கட்டுன கம்பெனி சம்மதிச்சு கையெழுத்துப் போடணும்."

"அந்த கம்பெனிதான் ஓடிப்போச்சே சார்."

"அப்போ விக்க முடியாது."

"வேணாம்னு பேங்குகிட்ட திருப்பிக் கொடுத்திடலாமா?"

"கொடுங்க. ஆனா கடன் உங்க பேர்லதான் இருக்கும்."

ஹவுஸ் ஓனர் விடவில்லை. கம்பெனியின் பழைய முகவரியைத் தேடிப் போனோம். அங்கே இப்போது பப்பிள் டீ விற்றார்கள். அவர் அமைதியாக ஒரு டீ வாங்கி, உறிஞ்சியபடி, கல்லாவிலிருந்த பெண்ணிடம் பத்திரத்தை நீட்டி, "நீங்க ஒரு கையெழுத்துப் போட முடியுமா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

மூவார்க்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். மேலும் சில வருடங்கள் பேங்கு பிடித்தது, சங்கம் மனு எழுதியது. அப்புறம் ஒரு நாள், வேறொரு கம்பெனி அந்தத் தாமானை எடுத்து முடிக்கப்போகிறது என்று செய்தி வந்தது. சமூக மண்டபத்தில் கூட்டம். ஹவுஸ் ஓனர் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சுவரில் புது வரைபடம் ஒட்டியிருந்தது. எல்லாரும் விரலை வைத்துத் தங்கள் வீட்டைத் தேடினார்கள். அவர் விரல் ஒரு நீலத் திட்டில் போய் நின்றது.

"அது வெள்ளத் தண்ணி நிக்கிற குளம் அங்கிள்" என்றார் அதிகாரி. "இந்த ஏரியா தண்ணி ஏறும்ல. பழைய பிளான்ல குளமே இல்ல. உங்க வரிசை பதினாலு வீடும் அதுக்குத்தான் போகுது."

மண்டபமே அவரைப் பார்த்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எவ்ளோ ஆழம் வெட்டுவீங்க?"

இழப்பீடு வந்தது. வந்த வேகத்தில் பேங்குக்கே போய்க் கடன் முடிந்தது. கையில் ஒரு காசு தங்கவில்லை. கடிதத்தைப் பத்மா அக்கா இரண்டு தடவை வாசித்தார்.

"இனிமே மாசாமாசம் கட்ட வேணாமா?"

"வேணாம்."

அக்கா தரையில் உட்கார்ந்து அழுதார். கடன் விட்ட நிம்மதியா, வீடு போன துக்கமா என்று தனக்கே தெரியவில்லை என்று பிறகு என் மனைவி செல்வியிடம் சொன்னாராம்.

அடுத்த நாள் வேனில் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மூன்று நாள் யாரும் கூப்பிடவே இல்லை. நான்காம் நாள் அவரே பின்சீட்டிலிருந்து கத்தினார்: "ஏன்யா, வீடு போனா பேருமா போயிடும்? கூப்பிடுங்கலா!" பதினோரு பேரும் ஒரே குரலில் "ஹவுஸ் ஓனர்!" என்றோம். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

போன வருடம் நான் மாசாயில் வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடுகளில் பழையது ஒன்றை வாங்கினேன். வாங்குவதற்குமுன் அவரைத்தான் கூட்டிப்போனேன். எங்கள் தொழிற்சாலை வாளியில் இருபது வாளித் தண்ணீர் குளியலறையில் ஊற்றிப் பார்த்தார். ஏணி போட்டு மேற்கூரைக்குள் புகுந்து, அரை மணி நேரம் கழித்து ஒட்டடையோடு இறங்கினார். எல்லாச் சுவரிலும் காதை வைத்துத் தட்டினார். வீட்டை விற்ற பெரியவர் என்னைத் தனியே அழைத்து, "விலைய வேணும்னா கொறச்சுக்கிறேன், இந்த ஆள மறுபடி கூட்டிட்டு வராதீங்க" என்று கெஞ்சினார்.

பால் காய்ச்சும் நாளன்று பத்மா அக்காவும் கவிதாவும் உள்ளே வந்துவிட்டார்கள். அவர் மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றார்.

"நீங்க ஆரம்பிங்க தம்பி. வீட்டு விசயத்துல என் ராசி சரியில்ல. நான் அப்புறமா வரேன்."

செல்வி அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "அண்ணே, நீங்க வந்தாத்தான் அடுப்ப பத்த வைப்பேன். நல்ல நேரம் போனா போகட்டும்" என்று சொல்லிவிட்டு, தீப்பெட்டியோடு வாசலிலேயே நின்றாள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். செல்வி அசையவில்லை. கடைசியில் அவர் வந்தார். பால் பொங்கும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

சாப்பிட்டு முடித்ததும், காற்றுக்காக வாசலோரம் வெறும் தரையில் சற்றுச் சாய்ந்தவர், அத்தனை சத்தத்திலும் அப்படியே தூங்கிப்போனார். பத்மா அக்கா எழுப்பப் போனார். வேண்டாம் என்று தடுத்துவிட்டு, காற்றாடியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அன்று மாலை வந்த விருந்தாளிகளையெல்லாம் பின்பக்கமாகச் சுற்றி வரச் சொன்னேன்.